சாஃப்ட்பாலில் பேஸ் ரன்னிங் கற்றுக்கொடுப்பது எப்படி: பயிற்சியாளருக்கான முழு வழிகாட்டி

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க மகளிர் சாஃப்ட்பால் அணி முதல் சுற்றின் ஐந்து ஆட்டங்களையும் வென்றது. அந்த வெற்றிகளின் கணக்கு 2-0, 1-0, 2-0, 2-1, 2-1. இறுதி ஆட்டத்தில் ஜப்பானிடம் 0-2 என்று தோற்றது. ஆறு ஆட்டங்களில் மொத்தம் ஒன்பது ரன். நல்ல பிட்சர் (பந்து வீசுபவர்) எதிரே நிற்கும்போது சாஃப்ட்பால் இப்படித்தான் சுருங்கிவிடும். அடித்து ஜெயிக்க முடியாத நாளில், முதல் பேஸில் நிற்பவர் இரண்டுக்குப் போனாரா, மூன்றில் நிற்பவர் சரியான நொடியில் கிளம்பினாரா என்பதுதான் ஆட்டத்தை முடிவு செய்கிறது.

ஆனாலும் பல அணிகளில் பேஸ் ரன்னிங் (ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு ஓடுவது) என்றால், பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தில் களைத்துப்போன பிள்ளைகளை விசில் அடித்து நான்கு பேஸையும் சுற்றி ஓடவிடுவது என்றுதான் இருக்கிறது. தவறு செய்தவர்களுக்குத் தண்டனையாகவும் இதே ஓட்டத்தைக் கொடுக்கிறார்கள். அதில் மூச்சு பழகலாம். பேஸ் ரன்னிங் பழகாது. ஆட்டத்தில் ரன்னர் அவுட் ஆவது பெரும்பாலும் கால் மெதுவாக இருந்ததால் அல்ல, ஒரு முடிவு தாமதமாக வந்ததால். ஆகவே என் பயிற்சியில் ஒரே ஒரு விதி: பந்து இல்லாமல், எடுக்க ஒரு முடிவு இல்லாமல், யாரும் பேஸில் ஓடக்கூடாது. ஓடும் நுட்பத்தைத் தனியாகச் சரிசெய்யும் சில நிமிடங்கள் மட்டும் இதற்கு விலக்கு. கீழே உள்ள அனைத்தும் ஃபாஸ்ட் பிட்ச், அதாவது பந்தை வேகமாக வீசும் ஆட்டத்துக்கானவை. ஸ்லோ பிட்சில் பேஸை விட்டுக் கிளம்புவதற்கும் ஸ்டீல் செய்வதற்கும் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடுவதற்கும்) விதிகள் வேறு. உங்கள் போட்டியின் விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன் மனதில் இருக்க வேண்டிய அளவுகள்

பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 60 அடி, அதாவது 18.29 மீட்டர். பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் நிற்கும் தூரம் 43 அடி. பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்குக் குறுக்கே ஏறத்தாழ 84 அடி 10 அங்குலம். பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் எறிதல் பறக்க வேண்டிய தூரம் இதுதான். பிட்சரைச் சுற்றியுள்ள வட்டத்தின் ஆரம் 8 அடி.

இந்த நான்கு அளவுகளையும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். 60 அடியை மூன்று விநாடியில் ஓடுபவர் சராசரியாக விநாடிக்கு 20 அடி கடக்கிறார். அப்படியானால் கிளம்பும்போது ஐந்தில் ஒரு விநாடி தயங்கினால் நான்கு அடி போய்விடுகிறது. நெருக்கமான ஆட்டங்களில் சேஃபுக்கும் அவுட்டுக்கும் நடுவே அவ்வளவு தூரம்கூட இருப்பதில்லை. இந்தக் கணக்கைப் பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டினாலே, "சீக்கிரம் கிளம்பு" என்று நூறு முறை கத்த வேண்டியதில்லை.

ஹோமிலிருந்து முதல் பேஸ்

அடித்ததும் பேட்டைக் கீழே விட வேண்டும், வீசக் கூடாது. முதல் அடி பின்காலால். முதல் சில அடிகளில் உடல் தாழ்வாக, முன்னால் சாய்ந்தபடி; பிறகுதான் மெல்ல நிமிர வேண்டும். மூன்றாவது அல்லது நான்காவது அடியில் ஒரே ஒரு முறை தலையைத் திருப்பிப் பந்து எங்கே என்று பார்க்கலாம். அந்த ஒற்றைப் பார்வையில் ஒரு கேள்விக்குத்தான் விடை வேண்டும்: பந்து இன்ஃபீல்டில் (பேஸ்களை ஒட்டிய உட்பகுதியில்) இருக்கிறதா, தாண்டிப் போய்விட்டதா? இன்ஃபீல்டில் இருந்தால் நேராக ஓடி பேஸைக் கடக்க வேண்டும். தாண்டிவிட்டால் வளைந்து திரும்ப வேண்டும். அதற்குமேல் பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடுபவர் தானாகவே வேகத்தை இழக்கிறார்.

நேராக ஓடும்போது பேஸோடு ஓட்டம் முடிவதில்லை. முதல் பேஸைத் தாண்டி ஓட விதி அனுமதிக்கிறது. அந்த அனுமதியை முழுதாகப் பயன்படுத்த வேண்டும். பேஸிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஒரு கூம்பு வைத்து, "அதுதான் உன் முடிவுக் கோடு" என்று சொல்லிவிடுங்கள். கடைசி அடியில் தாவுவதைத் தடுத்தே ஆக வேண்டும். காற்றில் இருக்கும்போது வேகம் குறைகிறது, கணுக்காலும் பிசகுகிறது. பேஸின் முன்விளிம்பை எந்தக் காலால் தொட்டாலும் சரி. கடந்தபின் சிறு சிறு அடிகளாக வைத்து நின்று, உடனே வலப்பக்கம் ஃபவுல் பகுதியை (கோட்டுக்கு வெளியே உள்ள பகுதி) பார்க்க வேண்டும். எறிதல் தவறிப் போனால் பந்து பெரும்பாலும் அங்கேதான் உருண்டுகொண்டிருக்கும்.

இரட்டை பேஸ் உள்ள களத்தில், எறிதல் வரும் ஆட்டத்தில் பேட்டர் தொட வேண்டியது ஃபவுல் பக்கத்து வண்ணப் பகுதியை. ஃபீல்டருக்கு வெள்ளைப் பகுதி. மோதலைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. அதன்பின் ரன்னராக நிற்பதும் திரும்பி வருவதும் வெள்ளைப் பகுதியில்தான். பயிற்சியில் ஒற்றை பேஸ் மட்டும் இருந்தால், பக்கத்தில் ஒரு ரப்பர் பாயை வைத்தாவது பழக்குங்கள்; ஆட்ட நாளில் முதன்முறையாக அதைப் பார்க்கும் பிள்ளை கால் தடுமாறும். அதேபோல், கோட்டின் பின்பாதியில் வரைந்திருக்கும் மூன்றடி அகலப் பாதைக்கு வெளியே ஓடி, முதல் பேஸுக்கு வரும் எறிதலுக்கு இடையூறு செய்தால் அவுட் கொடுக்கப்படும்.

வளைந்து திரும்புதல்

நேர்கோட்டில் ஓடிவந்து பேஸில் கால்வைத்த பிறகு திரும்பினால், உடலின் வேகம் ரன்னரை அவுட்ஃபீல்டு (களத்தின் வெளிப்பகுதி) பக்கம் தள்ளிக்கொண்டு போகும். ஆகவே வளைவு பேஸுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பாதி தூரம் கடந்ததும் ரன்னர் கோட்டுக்கு வலப்புறம் விலகி, பேஸை நெருங்கும்போது இடத்தோளைச் சற்றே உள்ளே தாழ்த்தி, பேஸின் உள்மூலையில் கால் பதித்து, அங்கிருந்து அடுத்த பேஸுக்கு நேராகப் பாய வேண்டும். பேஸைத் தள்ளிக் கிளம்பும் பலகைபோல அந்த உள்மூலையைப் பயன்படுத்த வேண்டும்.

எந்தக் கால்? இடக்கால் பட்டால் திரும்புவது எளிது. ஆனால் இடக்காலுக்காக அடியைக் குறுக்கித் தடுமாறுவதைவிட வலக்காலால் ஓட்டம் கெடாமல் தொடுவது மேல். இதில் பயிற்சியாளர்கள் பிடிவாதம் பிடிப்பதை நான் ஏற்பதில்லை.

பயிற்சி: முதல் பேஸுக்கு ஐந்து மீட்டர் முன்னால், கோட்டிலிருந்து ஒன்றே கால் மீட்டர் வலப்புறமாக ஒரு கூம்பு, ரன்னர் அதன் வெளிப்பக்கமாக வர வேண்டும். பேஸைத் தாண்டி இரண்டு மீட்டரில், இரண்டாம் பேஸுக்கான நேர்கோட்டுக்குச் சற்று வெளியே இன்னொரு கூம்பு. அதன் உட்பக்கமாகப் போக வேண்டும். ஹோமிலிருந்து இரண்டு வரை நேரம் எடுங்கள். பிறகு முதல் கூம்பை அரை மீட்டர் உள்ளேயும் வெளியேயும் நகர்த்தி மறுபடி எடுங்கள். ஒவ்வொருவருக்கும் எந்த வளைவு வேகமானது என்று கடிகாரமே சொல்லிவிடும். நெடிய காலுடையவருக்கு வளைவு பெரிதாக வேண்டியிருக்கும், குட்டை அடி வைப்பவருக்குச் சிறிதே போதும்.

சிங்கிள் (முதல் பேஸைச் சேர உதவும் அடி) அடித்தவர் திரும்பியபின் உடனே நிற்கக் கூடாது. அவுட்ஃபீல்டர் பந்தைச் சுத்தமாகக் கையில் எடுக்கும்வரை இரண்டாம் பேஸை நோக்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பந்து தடுமாறினால் தொடரலாம், இல்லையேல் பந்தின்மேல் கண் வைத்தபடி திரும்பலாம்.

பேஸை விட்டுக் கிளம்புதல்

பேஸ்பாலைப் போல முன்கூட்டியே விலகி நிற்க சாஃப்ட்பாலில் இடமில்லை. பந்து பிட்சரின் கையை விட்டுப் பிரியும்வரை கால் பேஸில் இருந்தாக வேண்டும். முன்னதாக எடுத்தால் ரன்னர் அவுட். தாமதமாக எடுத்தால், மேலே சொன்ன நான்கடி.

இதற்கு அசைந்து கிளம்பும் முறையே சிறந்தது. இடக்கால் பேஸின் முன்விளிம்பில், வலக்கால் பேஸுக்குப் பின்னால் மண்ணில். எடை பின்காலில். கண் பிட்சரின் கையில். கை தலைக்கு மேலே போகும்போது எடை முன்னால் நகரத் தொடங்கும். கை கீழே இறங்கும்போது பின்கால் முன்னே வீசும். கை இடுப்பைக் கடக்கும் அந்த நொடியில் இடக்கால் பேஸைத் தள்ளிவிட்டுப் பிரியும். பந்து வெளியான பிறகு கிளம்ப நினைப்பவருக்கு எப்போதும் தாமதம்தான். பிட்சரின் சுழற்சியோடு உடலும் சேர்ந்து அசைந்தால்தான் இரண்டும் ஒரே நொடியில் நிகழும்.

பந்தே இல்லாமல் ஒருவர் பிட்சரைப் போலக் கை சுழற்ற, நான்கைந்து பேர் கோடு போட்டு நின்று சேர்ந்து கிளம்பிப் பார்க்கலாம். பிறகு உண்மையான பிட்சர்கள், ஒவ்வொருவரின் தாளமும் வேறு என்பதால் பலரை மாற்றி மாற்றி. கைபேசியைப் பக்கவாட்டில் வைத்து, பிட்சரின் கையும் ரன்னரின் காலும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி மெதுவியக்கத்தில் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் தாங்களே பார்த்துத் திருத்திக்கொள்வார்கள்.

கிளம்பியபின் மூன்று வேகமான அடி, பிறகு பந்து பிளேட்டை அடையும் நேரத்தில் இரு காலும் சமமாக ஊன்றி, முழங்கால் மடங்கி, ஹோமை நோக்கிய முகத்தோடு நிற்க வேண்டும். முன்னால் போகவும் பின்னால் திரும்பவும் ஒரே அளவு தயாரான நிலை அது. பேட்டர் அடிக்கவில்லை என்றால் உடனே திரும்ப வேண்டும். கேட்சர் முதல் பேஸுக்கு எறிவார் என்று ஒவ்வொரு பந்திலும் எதிர்பார்க்க வேண்டும்.

பந்தைப் படித்தல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். உங்கள் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ரன்னர் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியவை: எத்தனை அவுட்? பின்னால் ஆள் இருப்பதால் நான் ஓடியே ஆக வேண்டுமா? அவுட்ஃபீல்டர்கள் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறார்கள், யாருடைய கை பலம்? பயிற்சியில் திடீரென்று ஆட்டத்தை நிறுத்தி, ரன்னரிடம் இவற்றைக் கேளுங்கள். பதில் இரண்டு விநாடிக்குள் வரவில்லை என்றால் அவர் பேஸில் நிற்கிறார், ஆனால் ஆட்டத்தில் இல்லை.

இரண்டு அவுட் என்றால் சிக்கல் குறைவு: பந்து பேட்டில் பட்டதும் ஓட்டம். இரண்டுக்குக் குறைவான அவுட் இருக்கும்போதுதான் படிக்கத் தெரிய வேண்டும். பந்து கீழ்நோக்கிப் போனால் கிளம்பு. இன்ஃபீல்டுக்குள் லைன் டிரைவ் (தரையில் படாமல் நேராகப் பாயும் பந்து) என்றால் முதல் அசைவு பின்னால். அது ஃபீல்டர்களைத் தாண்டிய பிறகு முன்னால். அவுட்ஃபீல்டுக்கு உயரப் பந்து என்றால், பிடித்தால் திரும்ப முடிகிற அளவுக்கு மட்டும் முன்னேறி நில். ஆழமாகப் போன பந்தென்றால் முன்னே உள்ள பேஸ்களில் நிற்பவர்கள் பேஸுக்குத் திரும்பி, பந்து ஃபீல்டரின் கையைத் தொட்ட கணத்தில் கிளம்பத் தயாராக வேண்டும். பிடித்து முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் தொடுதலே போதும். ஃபவுல் பகுதியில் பிடிபட்ட பந்துக்கும் இதே உரிமை உண்டு. இதைப் பலர் மறந்து நிற்பார்கள்.

இரண்டாம் பேஸில் நிற்பவருக்குத் தனி விதி. பின்னால் ஆள் இல்லை, தரைப் பந்து தன் வலப்பக்கம், அதாவது ஷார்ட்ஸ்டாப்புக்கோ (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) மூன்றாம் பேஸ் ஃபீல்டருக்கோ போகிறது என்றால், அவர்கள் முதல் பேஸுக்கு எறியும்வரை பொறுக்க வேண்டும். பந்து தனக்குப் பின்னால் இடப்பக்கம் போனால் உடனே மூன்றுக்குப் போகலாம். சமநிலையில் எட்டாவது இன்னிங்ஸுக்குப் போகும் சர்வதேச ஆட்டங்களில் இரண்டாம் பேஸில் ஒரு ரன்னரை நிறுத்தியே இன்னிங்ஸைத் தொடங்குவார்கள். அந்த ஒரு நிலையைத் தனியாக எடுத்துப் பழக்கிய அணிக்கு அங்கே தெளிவான முன்னிலை இருக்கும்.

இன்ஃபீல்டு ஃபிளை விதியையும் களத்தில் நடத்திக் காட்டுங்கள். இரண்டுக்குக் குறைவான அவுட், முதல் இரண்டு பேஸிலோ மூன்றிலுமோ ஆட்கள், இன்ஃபீல்டர் எளிதாகப் பிடிக்கக்கூடிய உயரப் பந்து. அம்பயர் அறிவித்ததும் பேட்டர் அவுட். பந்து கீழே விழுந்தாலும் ரன்னர்கள் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. விழுந்த பந்தைப் பார்த்துப் பதறி ஓடுபவர் இரண்டாவது அவுட்டை இலவசமாகக் கொடுக்கிறார்.

பயிற்சி முறை எளியது. முதல் பேஸுக்குப் பின்னே ஒருவருக்கொருவர் இடம்விட்டு மூன்று நான்கு ரன்னர்கள். பிட்சர் கை சுழற்ற எல்லோரும் கிளம்ப வேண்டும். பயிற்சியாளர் பிளேட்டிலிருந்து தரைப் பந்து, லைன் டிரைவ், உயரப் பந்து என்று ஒழுங்கின்றி அடிக்கிறார். ரன்னர்கள் முடிவெடுத்து இரண்டே அடி வைத்து உறைந்து நிற்க வேண்டும். முழுத்தூரம் ஓடாததால் களைப்பில்லை; பத்து நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் முப்பது முடிவுகள் கிடைத்துவிடும். ஒவ்வொரு பந்துக்கும் முன் அவுட் எண்ணிக்கையை மாற்றிச் சொல்லுங்கள்.

இதன் தொடர்ச்சியாக, மண்ணில் குத்தும் பந்து. ஒருவர் கேட்சருக்குப் பந்து போட, சில நேராகவும் சில பிளேட்டுக்கு முன்னால் மண்ணிலும் விழட்டும். பந்து தரையைத் தொட்ட பிறகு ஓடுவது தாமதம். அதன் சரிவைப் பார்த்து, குத்தப் போகிறது என்று தெரிந்த நொடியிலேயே போக வேண்டும். கேட்சர் முழங்காலிட்டுத் தடுத்து, பந்தைத் தேடி, எழுந்து எறிய ஆகும் நேரத்தில் சராசரி வேகமுள்ளவர்கூட இரண்டாம் பேஸை எட்டிவிடுவார். எனக்கு இது ஸ்டீலைவிட மதிப்புள்ள திறன். ஏனென்றால் வேகம் இல்லாத பிள்ளைக்கும் இது வாய்க்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேட்டிங் பயிற்சி நடக்கும்போது பேஸ்களைக் காலியாக விடாதீர்கள். உண்மையான பேட்டிலிருந்து வரும் உண்மையான பந்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

மூன்றாம் பேஸில்

கிளம்பும்போது ஃபவுல் பகுதியில், திரும்பும்போது ஃபேர் பகுதியில் (கோட்டுக்கு உட்பட்ட பகுதி). அடித்த பந்து ஃபேர் பகுதியில் ரன்னர்மேல் பட்டால் அவர் அவுட் ஆகக்கூடும். ஃபவுல் பகுதியில் பட்டால் அது வெறும் ஃபவுல் பந்து. திரும்பும்போது கோட்டுக்கு உட்புறம் ஓடினால் கேட்சர் எறியும் பாதை குறுகிவிடும்.

இரண்டுக்குக் குறைவான அவுட்டில் அவுட்ஃபீல்டுக்கு எந்த உயரப் பந்து போனாலும் மூன்றில் நிற்பவர் முதலில் பேஸுக்குத் திரும்ப வேண்டும். பந்து விழுந்துவிட்டாலும் அங்கிருந்து நடந்தே ரன் எடுத்துவிடலாம். பாதி வழியில் நின்று, பந்து பிடிபட்டால்தான் இழப்பு. கிளம்பும் நொடியை பயிற்சியாளரின் "போ" என்ற குரலுக்கு விடாமல் ரன்னரே பந்தைப் பார்த்து முடிவு செய்யப் பழக்குவதே என் விருப்பம். குரல் காதில் விழுந்து கால் நகர்வதற்குள் சில அடி தூரம் போய்விடுகிறது.

ஸ்டீல்: கணக்கு போட்டுவிட்டு ஓடுங்கள்

மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அரை விநாடிக்குள் பிளேட்டை எட்டிவிடும். அதோடு கேட்சரின் கையுறையிலிருந்து இரண்டாம் பேஸ் ஃபீல்டரின் கையுறை வரை ஆகும் நேரத்தைக் கூட்டுங்கள். டேக் செய்ய, அதாவது பந்தோடு ரன்னரைத் தொட, ஐந்தில் ஒரு விநாடி. எதிரணி கேட்சர் ஆட்டத்துக்கு முன் எறிந்து பழகும்போதே நின்று அளந்துவிடலாம். பந்துக்கு 0.5, கேட்சருக்கு 2.3, டேக்குக்கு 0.2 என்றால் மொத்தம் 3.0 விநாடி, உங்கள் ரன்னர் 2.9-ல் ஓடினால் போகலாம். கேட்சர் 2.0-ல் எறிகிறார் என்றால் அதே ரன்னரை அனுப்புவது சூதாட்டம். அதனால் ஒவ்வொரு ஆட்டக்காரரும் முதல் பேஸிலிருந்து இரண்டுக்கு எவ்வளவு நேரத்தில் ஸ்லைடு செய்து (சறுக்கி) சேர்கிறார் என்ற பட்டியல் உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை புதுப்பியுங்கள்.

பந்து பிட்சரின் கையில் வந்து, அவர் 8 அடி வட்டத்துக்குள் நின்றுவிட்டால், பேஸில் இல்லாத ரன்னர் உடனே முன்னேற வேண்டும் அல்லது திரும்ப வேண்டும். நடுவில் நின்று பம்மாத்துக் காட்டினால் அவுட். இந்த விதி தெரியாமல் போகும் அவுட்டுகள் வருத்தம் தருபவை, ஏனென்றால் ஐந்து நிமிடப் பயிற்சியில் தவிர்க்கக்கூடியவை. மறுபக்கம், நான்கு பால் (சரியான எல்லைக்கு வெளியே வீசிய, பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து) வாங்கி முதல் பேஸுக்குப் போகும் பேட்டர் அங்கே நின்றாக வேண்டும் என்றில்லை. பந்து உயிரோடுதான் இருக்கிறது. ஃபீல்டர்கள் அசந்திருந்தால் நிற்காமல் இரண்டுக்குத் தொடரலாம், குறிப்பாக மூன்றில் ஒருவர் இருக்கும்போது.

ஸ்லைடிங்

பயத்தை முதலில் போக்கிவிட்டுத்தான் நுட்பம். புல்தரையில், ஸ்பைக் ஷூ இல்லாமல், சாக்ஸோடு, முழுநீளக் கால்சட்டையோடு தொடங்குங்கள். ஈரமாக்கிய தார்ப்பாயோ பிரித்து விரித்த பெரிய அட்டைப்பெட்டியோ இருந்தால் இன்னும் எளிது. ஸ்பைக் ஷூவோடு கற்பிக்கத் தொடங்குவது கணுக்காலை மண்ணில் மாட்டவைக்கும் வழி.

1. முதலில் தரையில் உட்காரச் சொல்லுங்கள். ஒரு கால் மடங்கி மற்ற முழங்காலுக்குக் கீழே, மேல்கால் ஏறத்தாழ நீட்டி, முழங்கால் சற்றே தளர்ந்து, குதிகால் தரையிலிருந்து தூக்கி. 4 என்ற எண்ணை எழுதுவது போன்ற வடிவம். எந்தக் கால் இயல்பாக மடங்குகிறதோ அதுவே அவருடைய கால், மாற்ற வேண்டாம்.

2. அதே நிலையில் கைகளை மேலே தூக்கி, நாடியை மார்போடு சேர்த்து, முதுகைப் பின்னால் சாய்க்கச் சொல்லுங்கள். கையை ஊன்றி விழுபவர்களுக்கே மணிக்கட்டு முறிகிறது. இரு கையிலும் ஒரு பிடி புல்லை இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் உள்ளங்கை திறக்காது.

3. மூன்று நான்கு அடி மெதுவாக ஓடிவந்து சறுக்கட்டும். பிறகு பாதி வேகம். பிறகு முழு வேகம். தாவி விழக் கூடாது. ஓடும்போதே இடுப்பு தாழ்ந்து தரையில் உட்கார வேண்டும். எடை புட்டத்திலும் மடங்கிய காலின் வெளிப்பக்கத்திலும் இறங்கும்.

4. கடைசியாக பேஸ். பெரியவர்கள் எட்டுப் பத்தடி தூரத்தில் தொடங்கலாம். பேஸின்மேல் ஏறித் தொடங்குபவருக்குத்தான் காயம். தாமதமாகச் சறுக்குவது முன்னதாகச் சறுக்குவதைவிட ஆபத்தானது. தயங்கிப் பாதியில் மனம் மாறுவது எல்லாவற்றிலும் மோசம். "முடிவெடுத்தால் சறுக்கு" என்பதைப் பிள்ளைகள் மனதில் பதிய வையுங்கள்.

பேஸையும் கவனியுங்கள். 1988-ல் மிச்சிகனில் பொழுதுபோக்கு சாஃப்ட்பால் லீக்குகளில் நடத்திய ஒரு ஆய்வு வெளியானது. மண்ணில் இறுக்கிப் பதித்த பேஸ் உள்ள களங்களில் அறுநூற்றுச் சொச்சம் ஆட்டங்களில் 45 ஸ்லைடிங் காயங்கள். மோதினால் கழன்றுவிடும் பேஸ் வைத்த களங்களில், ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான ஆட்டங்களில், 2. கழலும் பேஸ் வாங்க முடியாத அணிகள் பயிற்சியிலாவது தரையில் பதிக்காத ரப்பர் பேஸை வைத்துக்கொள்ளலாம்.

தலையை முன்நீட்டிப் பாயும் ஸ்லைடைச் சிறுவர்களுக்குக் கற்பிக்காதீர்கள். விரல், தோள், கழுத்து மூன்றும் முன்னே போகின்றன. முதல் பேஸுக்கும் ஸ்லைடு வேண்டாம், டேக்கைத் தவிர்க்க வேண்டிய அரிய தருணம் தவிர. கடந்து ஓடுவதே அங்கே வழி.

இரண்டு பேஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டால்

மாட்டியவரின் வேலை தப்பிப்பது மட்டுமல்ல, எதிரணியை அதிக முறை எறிய வைப்பதும்தான். ஒவ்வொரு எறிதலும் ஒரு தவறுக்கான வாய்ப்பு. பந்து வாங்கப்போகும் ஃபீல்டரின் கையுறைக்கு நேராக ஓடினால் எறிபவருக்குப் பார்வை மறையும். தன்னைத் துரத்தும் நேரத்தில் மற்ற ரன்னர்கள் அடுத்த பேஸைச் சேர்ந்துவிட்டார்களா என்பதும் அவர் கணக்கில் இருக்க வேண்டும். மூன்று ஃபீல்டர், ஒரு ரன்னர், பத்து விநாடி தாக்குப்பிடித்தால் ஒரு புள்ளி என்று விளையாட்டாகவே நடத்துங்கள். ஃபீல்டர்களுக்கும் அது பயிற்சி.

பேஸ் கோச்சின் சைகை

பந்து முன்னால், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தால் முடிவு ரன்னருடையது. முதுகுக்குப் பின்னால் இருந்தால் முடிவு கோச்சுடையது. முதலிலிருந்து மூன்றுக்கு ஓடுபவர், வலப்புற அவுட்ஃபீல்டில் பந்து இருந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது. இரண்டாம் பேஸைத் தொடுவதற்கு ஐந்து மீட்டர் முன்பே மூன்றாம் பேஸ் கோச்சைப் பார்த்துவிட வேண்டும். கை சுழன்றால் தொடர்வது, இரு உள்ளங்கையும் எதிரே நின்றால் நிற்பது, உள்ளங்கை தரையை நோக்கி அழுத்தினால் ஸ்லைடு. இதற்குமேல் சைகைகளைப் பெருக்காதீர்கள். ஹோமுக்கு அனுப்புவதா என்ற முடிவைக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டுமென்றால், கோச் கோட்டோடு ஹோமை நோக்கி நகர்ந்து நிற்க வேண்டும். ரன்னர் மூன்றைத் திரும்பியபின்னும் கண்ணெதிரே இருப்பார். ரன்னரைக் கையால் பிடித்து நிறுத்தவோ தள்ளவோ கூடாது. அதற்கு ரன்னர் அவுட்.

எப்போது, எவ்வளவு நேரம்

வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் என்பதைவிட, ஒவ்வொரு பயிற்சியிலும் இருபது நிமிடம் நல்லது. உடல் சூடான பிறகு, கால் புதிதாக இருக்கும்போதே, பேட்டிங்குக்கு முன்னால். முதல் ஐந்து நிமிடம் கிளம்பும் தாளம். அடுத்த பத்து நிமிடம் பந்தைப் படித்தல். கடைசி ஐந்தில் முழுவேக ஓட்டம், நான்கைந்து முறைக்கு மேல் வேண்டாம். முழுவேகத்தில் 60 அடி ஓடியவருக்கு ஒரு நிமிடமாவது ஓய்வு வேண்டும். மூச்சிரைக்க ஓடும் ஓட்டம் வேகத்தை வளர்க்காது, தொடைத் தசையைத்தான் பிடிக்கவைக்கும். பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இதில் மூன்றே போதும்: முதல் பேஸைக் கடந்து ஓடுவது, பந்து பிட்சரிடம் இருந்தால் பேஸில் நிற்பது, கோச்சைப் பார்ப்பது. ரன்னராக நிற்கும் எல்லோருக்கும் ஹெல்மெட், பயிற்சியிலும்.

ஆட்ட நாளில் ஒரு உதவியாளரிடம் தாளும் பேனாவும் கொடுங்கள். கூடுதலாக எடுத்த பேஸ்கள், எடுத்திருக்கலாம் ஆனால் விட்ட பேஸ்கள், பேஸில் போன அவுட்டுகள் என்று மூன்று பத்தி. இரண்டாவது பத்தியை யாரும் கணக்கில் வைப்பதில்லை, ஸ்கோர் புத்தகத்திலும் அது வராது. உங்கள் அணியின் பயம் எங்கே இருக்கிறது என்று அதுதான் காட்டும். அவுட் ஆகித் திரும்பும் ரன்னரிடம் "ஏன் ஓடினாய்?" என்று கேட்காதீர்கள். "என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். "இடது ஃபீல்டர் பந்தைத் தவறவிட்டதைப் பார்த்தேன்" என்று பதில் வந்தால் அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார், ஃபீல்டர் வேகமாகத் திருத்திக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்த முறையும் ஓடச் சொல்லுங்கள். "தெரியவில்லை" என்று வந்தால் அடுத்த பயிற்சியின் பத்து நிமிடத்தை எதற்கு ஒதுக்குவது என்று தெரிந்துவிட்டது.